பூ வரையும் கிட்: 1,499 ரூபாய்க்குத் தேறியது மூன்று நிறமும் ஒரு டப்பாவும்

போன ஆவணியில், ஓணத்துக்கு முந்தைய வாரம், ஆன்லைனில் ஒரு வாட்டர்கலர் கிட் வாங்கினேன். பூவும் இலையும் வரைவதற்கென்றே தயாரித்தது என்று அட்டையில் போட்டிருந்தது. உள்ளே 24 நிறம் அடங்கிய தகர டப்பா, மூன்று பிரஷ், காம்புக்குள் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் பேனா பிரஷ் ஒன்று, 12 தாள் பேட், நிறம் படக்கூடாத இடத்தை மறைக்கும் மாஸ்கிங் திரவம் ஒரு சின்னக் குப்பி, படிப்படியாகச் சொல்லித்தரும் ஒரு கையேடு. விலை 1,499 ரூபாய். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, சொல்லியும் பிரயோஜனமில்லை, ஏனென்றால் இதே டப்பா இதே கையேடு அட்டைப்படம் மட்டும் மாறி நாலைந்து பெயர்களில் கிடைக்கிறது. நீங்கள் தேடினால் முதல் பக்கத்திலேயே வரும், அந்தத் தங்க நிற எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எட்டு மாதம் உபயோகித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அங்கே இருக்கும் 5 ஸ்டார் விமரிசனங்களில் பாதி, பார்சல் வந்த அன்றைக்கே, இன்னும் தண்ணீர் தொடாமல் எழுதியவை.

நான் ஓவியர் இல்லை. வங்கியில் வேலை, வீடு நாகர்கோவில். பள்ளிக்கூடத்தில் கேமல் கலர் கட்டிகளைத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்து நடுவில் குழி விழவைத்த தலைமுறை. அதற்கப்புறம் இருபது வருஷம் பிரஷ்ஷைத் தொடவில்லை. மறுபடி ஆசை வந்ததற்குக் காரணம் தோவாளைதான். பூச்சந்தைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, காலையில் அங்கே கிரேந்தியும் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் மலை மாதிரிக் குவிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் வேலைக்குப் போவது என்னவோபோல் இருந்தது. ஓண நேரத்தில் பூவெல்லாம் கேரளாவுக்கு லோடு ஏறிக்கொண்டிருக்கும், விலையும் ஏறும். நான் போய் ஒவ்வொன்றிலும் இரண்டு பூ கேட்டேன். "மக்களே, சாமிக்குப் போட வாங்குனவங்களைப் பாத்துருக்கேன், தலையில வைக்க வாங்குனவங்களைப் பாத்துருக்கேன், தாளுல வைக்கன்னு வந்தவ நீதான்" என்றாள் பூக்கார அக்கா. காசு வாங்கவில்லை.

சரி, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டப்பா நன்றாக இருக்கிறது. கீல் கெட்டி, மூடியில் நிறம் கலக்க ஆறு குழி, உள்பக்கம் வெள்ளை எனாமல். நிறக் கட்டிகள் எல்லாமே தனித்தனியாகக் கழற்றக்கூடியவை, 'ஹாஃப் பேன்' என்கிற சின்னக் கிண்ண அளவு. அதாவது, பிடிக்காததைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கம்பெனிக் கட்டியை அதே இடத்தில் செருகிக்கொள்ளலாம். இந்த ஒரு வசதி எனக்கு எவ்வளவு உதவப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

நிறங்களுக்கு வருவோம். 24 என்பது கேட்க நிறையத்தான். வெள்ளை, கறுப்பு, தங்கம், வெள்ளி நான்கையும் கழித்தால் 20. அதில் பச்சை மட்டும் ஐந்து, ஐந்தில் ஒன்றுகூட எந்த இலையிலும் கிடையாது. பிளாஸ்டிக் வாளிப் பச்சை. எந்தக் கட்டியிலும் நிறமியின் எண் கிடையாது, இதுதான் முதல் எச்சரிக்கையாக எனக்குப் பட்டிருக்க வேண்டும். உருப்படியான வாட்டர்கலர் எதிலும் உறையிலோ டியூபிலோ உள்ளே என்ன நிறமி போட்டிருக்கிறார்கள் என்று ஒரு குறியீடு இருக்கும். அல்ட்ராமரைன் நீலம் என்றால் பி.பி.29, குவினாக்ரிடோன் ரோஸ் என்றால் பி.வி.19, இப்படி. நிறத்துக்குக் கம்பெனி வைக்கும் பெயரை நம்பவே முடியாது. 'இளவேனில் ரோஜா', 'விடியல் ஊதா' என்று எதை வேண்டுமானாலும் வைப்பார்கள், அந்த எண் மட்டும்தான் மாறாது. இந்த கிட்டில் விடியல் இருந்தது, வேனில் இருந்தது, எண்தான் இல்லை.

எண் இல்லாவிட்டாலும் சிலதைக் கண்டுபிடித்துவிடலாம். நீலத்தில் ஒன்றைத் தண்ணீர் தாராளமாக விட்டுத் தீற்றினேன். காய்ந்ததும் தாளின் குழிகளில் நைஸ் மணல் மாதிரிப் பொடிப்பொடியாகத் தங்கியிருந்தது. அப்படித் தங்குவது அல்ட்ராமரைனின் அடையாளம். பழைய நாளில் வேட்டி சட்டைக்குப் போடும் நீலப் பொடியும் இதேதான், 19ஆம் நூற்றாண்டிலேயே செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்டதால் விலை மலிவு, வெயிலுக்கும் வெளுக்காது. எவ்வளவு மட்டமான டப்பாவிலும் இது ஒன்றாவது நன்றாக இருப்பதற்குக் காரணம் அதுதான். இதில் ஒரு சங்குப்பூ வரைந்தேன், நீலத்தில் துளி ரோஸ் சேர்த்து, நடுவில் அந்த வெளிர்மஞ்சள் நாக்கை மட்டும் தாளாகவே விட்டுவிட்டு. அம்மா பார்த்துவிட்டு "காய்ச்சிக் குடிக்கலாம் போலிருக்கே" என்றாள். அதேபோல செங்கல் நிறப் பழுப்பு ஒன்று, எலுமிச்சை மஞ்சள் ஒன்று. இந்த மூன்றும் தேறும். இந்த மூன்றையே கலந்து வாழையிலை, வேப்பங்கொழுந்து, மாவிலையின் செப்பு நிறத் தளிர் எல்லாம் கொண்டுவர முடிகிறது. டப்பாவில் இருக்கும் ஐந்து பச்சையாலும் சேர்ந்து ஒரு வேப்பங்கொழுந்து போட முடியவில்லை.

சிவப்புதான் பெரிய ஏமாற்றம். ஈரமாக இருக்கும்போது செம்பருத்தி மாதிரி ஜொலிக்கும், காய்ந்ததும் மேலே திருநீறு பூசின மாதிரி ஆகிவிடும். வாட்டர்கலர் எல்லாமே காயும்போது கொஞ்சம் வெளிறும், அது இயல்பு. இது வெளிறல் இல்லை. நிறமியைக் குறைத்து, நிரப்புப் பொடியைக் கூட்டினால் இப்படித்தான் வரும். பூ வரைகிறவர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்றால், வாட்டர்கலரில் பூவிதழின் பளபளப்பு நிறத்திலிருந்து வருவதில்லை, அடியில் இருக்கும் தாளின் வெள்ளையிலிருந்து வருகிறது. வெளிச்சம் நிறத்துக்குள்ளே போய்த் தாளில் பட்டுத் திரும்ப வேண்டும். நடுவில் சுண்ணாம்பு மாதிரி எதையாவது அடைத்துவைத்தால் வெளிச்சம் அங்கேயே நின்றுவிடுகிறது. செம்பருத்தி இதழ் வெயிலில் கண்ணாடி மாதிரி இருக்குமே, நரம்பெல்லாம் தெரியும், அது இந்தச் சிவப்பில் ஒருநாளும் வராது.

அடுத்தது அந்த பிங்க். கிட் வாங்கின எல்லாரும் புகழ்வது இதைத்தான். நானும் மயங்கினேன். செவ்வரளி ஒரு கொத்து வரைந்து, அதைக் கார்டாக மடித்து அண்ணன் மகள் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். அப்படி ஒரு பிங்க், இருட்டில் மின்னும் போல. அந்த மின்னல்தான் சந்தேகத்தைக் கிளப்பியது. இப்படிக் கண்ணைப் பறிக்கும் பிங்க்கில் பெரும்பாலும் ஒளிரும் சாயம் கலந்திருப்பார்கள், அது வெளிச்சத்தில் நிற்காது. ஆகவே மாசியில் ஒரு சோதனை வைத்தேன். யாரும் செய்யலாம், செலவே இல்லை: ஒரு தாள் துண்டில் எல்லா நிறத்தையும் ஒவ்வொரு கோடாகத் தீற்றி, பாதியைக் கல்யாணப் பத்திரிகை அட்டையால் மூடி, மேற்கு பார்த்த ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். மாசி, பங்குனி வெயில் நம் ஊரில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆறு வாரம் கழித்து அட்டையை எடுத்தபோது, மூடிய பாதியில் பிங்க் அப்படியே இருந்தது, வெயில் பட்ட பாதியில் வெந்நீர் பட்ட தோல் மாதிரி ஒரு மங்கல். ஊதா நிறம் நீலமாகிவிட்டது, அதாவது அதில் கலந்திருந்த பிங்க் ஓடிப்போய் நீலம் மட்டும் மிச்சம். மஞ்சள், அல்ட்ராமரைன், பழுப்பு மூன்றும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல. வாளிப் பச்சைகளும் நின்றன. அவை மங்கியிருந்தால்கூட நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

இது மலிவுச் சாயத்தின் பிரச்சினை மட்டுமில்லை, பெரிய ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. வான்கோ 1890இல் வரைந்த ரோஜாப்பூ ஓவியம் இன்று வெள்ளை ரோஜாவாகத் தெரிகிறது, அவர் வரைந்தது பிங்க் ரோஜா. அவர் உபயோகித்த செஞ்சாயம் வெளிச்சத்தில் போய்விட்டது. அது எண்ணெய் ஓவியம், இருந்தாலும் சாயத்தின் குணம் ஒன்றுதான். என் செவ்வரளி கார்டு வான்கோ அளவுக்கு நஷ்டமில்லை, ஆனால் இந்த கிட்டில் வரைந்து சட்டம் போட்டு யாருக்காவது விற்கிற எண்ணம் இருந்தால் தயவுசெய்து அந்த பிங்க்கைத் தொடாதீர்கள். ஒரு வருஷத்தில் வாங்கினவர் போன் செய்வார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தாள்.

ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுப் பின்வேலியில் செங்காந்தள் பூத்தது. தமிழ்நாட்டின் மாநிலப் பூ, பலர் படத்தில்தான் பார்த்திருப்பார்கள், இங்கே அது வேலிக்கொடி. கிழங்கில் கோல்கிசின் என்ற விஷம் உண்டு, பறித்து வந்தால் கையைக் கழுவிவிட வேண்டும். ஆறு இதழ், ஓரமெல்லாம் நெளிநெளியாக, மேல்நோக்கி வளைந்து விரல் விரித்த கை மாதிரி நிற்கும். மொட்டில் பச்சை, விரிந்ததும் அடியில் மஞ்சள் நுனியில் சிவப்பு, இரண்டு மூன்று நாளில் முழுக்கச் சிவந்துவிடும். இலையைப் பார்த்தீர்களானால் நுனி அப்படியே நீண்டு சுருண்டு ஒரு பற்றுக்கம்பியாகி பக்கத்துக் கொப்பைப் பிடித்துக்கொள்ளும். வாட்டர்கலருக்கென்றே படைத்த பூ. இதழை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்து, அடியில் மஞ்சளை வைத்து, நுனியில் சிவப்பை வைத்தால் இரண்டும் நடுவில் தானாகச் சந்தித்துக் கலக்க வேண்டும். கலக்கும் அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் மனுஷர்கள் வாட்டர்கலர் பழகுகிறார்கள் என்பேன்.

கிட்டில் வந்த பேடில் அந்த அரை நிமிஷம் கிடைக்கவேயில்லை. தண்ணீர் வைத்த உடனே தாள் குடித்துவிடுகிறது, மஞ்சள் ஒரு பக்கம் கோடாக நிற்க, சிவப்பு மறுபக்கம் கோடாக நிற்க, நடுவில் கிழிந்த மாதிரி ஒரு எல்லை. சரி செய்யலாம் என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டால் அது நிறத்தைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரிப் பூத்துவிடும். மூன்றாம் முறை பிரஷ் பட்டதும் தாளின் மேல்தோல் உரிந்து சின்னச்சின்ன உருண்டையாக வந்தது. நாலு தாள் இப்படிப் போயிற்று. நான் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சென்னையிலிருந்து வந்த சிநேகிதி ஒரு பருத்தித் தாள் துண்டைக் கொடுத்தாள், உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதே டப்பா, அதே திருநீறு சிவப்பு, அதே பிரஷ், அதே பூ. தண்ணீர் வைத்தேன், தாள் மினுமினுவென்று ஈரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. மஞ்சள் வைத்தேன், சிவப்பு வைத்தேன், இரண்டும் மெதுவாக ஒன்றையொன்று பார்த்து நகர்ந்து ஆரஞ்சாகின. நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தேன். கொஞ்சம் கோபமும் வந்தது.

பேடின் அட்டையில் 300 ஜி.எஸ்.எம். என்று பெரிதாகப் போட்டிருந்தது, அதில்தான் நான் ஏமாந்தேன். அது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவுதான். கனமாக இருந்தால் தண்ணீரில் அதிகம் நெளியாது என்பது உண்மை, ஆனால் அது மரக்கூழா பருத்தியா என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. பருத்தி இழை நீளம், தேய்ப்பைத் தாங்கும், ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். கூடவே தாளுக்குக் கஞ்சி போட்ட மாதிரி ஜெலட்டின் போன்ற ஒரு பசையையும் ஏற்றியிருப்பார்கள், நிறம் உடனே உள்ளே இறங்காமல் மேலே மிதப்பது அதனால்தான். 'நூறு சதவீதம் பருத்தி' என்ற சொல் அட்டையில் இல்லையென்றால் அது பருத்தி இல்லை, எவ்வளவு கனமாக இருந்தாலும் சரி.

பருத்தித் தாள் விலை அதிகம், மறுக்கவில்லை. பிரான்சின் ஆர்ஷ் ஆலை 1492 முதல் தாள் செய்யும் இடம், அந்த வயசுக்கும் சேர்த்து விலை வைப்பார்கள். ஆனால் நம் நாட்டிலேயே கையால் செய்யும் பருத்தித் தாள்கள் உண்டு, பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் வெட்டுத் துணிதான் பெரும்பாலும் கச்சாப்பொருள். திருப்பூர் மாதிரி ஊரில் கழிவாகப் போவது தாளாகித் திரும்பி வருகிறது. கைத்தாளில் ஒரே கட்டிலேயே ஒன்று நன்றாக இருக்கும் ஒன்று சொதப்பும், அந்தச் சூதாட்டத்துக்கு மனசு தயாராக இருந்தால் வாங்கலாம். எதை வாங்கினாலும் பேடாக வாங்காமல் 22க்கு 30 அங்குல முழுத் தாளாக வாங்கி எட்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் பதினோரு அங்குலத்துக்கு ஏழரை வரும், ஒரு செம்பருத்திக் கிளைக்குத் தாராளம். கடல்காற்று ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: தாளை அலமாரியில் சும்மா போட்டுவைக்காதீர்கள். ஈரக்காற்றில் அந்தப் பசை கெட்டுவிடும், அப்புறம் வரையும்போது மையொற்றும் தாளில் பட்ட மாதிரித் திட்டுத் திட்டாக உறிஞ்சும். பிளாஸ்டிக் உறையில் காற்றுப் போகாமல் கட்டி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுவைக்கிறேன்.

மாஸ்கிங் திரவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குப்பியைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வடித்து வைத்திருக்கும் கொட்டகைக்குள் நுழைந்தால் வரும் அதே வாடை! உண்மையில் அதேதான், ரப்பர் பாலில் கட்டியாகாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள், இந்தக் குப்பியிலும் அந்த இரண்டும்தான். நம் மாவட்டத்துப் பாலை எங்கேயோ கொண்டுபோய்ச் சின்னக் குப்பியில் அடைத்து நமக்கே விற்கிறார்களோ என்று அண்ணன் மகள் கேட்டாள். வாட்டர்கலரில் வெள்ளைப் பூவை வெள்ளை நிறத்தால் வரைவதில்லை, தாளை விட்டுவைத்து வரைகிறோம். அப்படி விடவேண்டிய இடத்தில் இதைத் தடவிக் காயவைத்து, சுற்றிலும் நிறம் பூசி, கடைசியில் விரலால் தேய்த்து உரித்தெடுக்க வேண்டும். யோசனை நல்லது. ஆனால் கிட் தாளில் உரித்தபோது ரப்பரோடு தாளும் வந்தது. திரவத்தில் குறையில்லை, பருத்தித் தாளில் சுத்தமாக வருகிறது. ராத்திரி முழுக்க விட்டுவைக்காதீர்கள், வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள், ஒட்டிக்கொண்டு வராது. பிரஷ்ஷால் தடவினால் அந்த பிரஷ் போயிற்று. நான் ஈர்க்குச்சி உபயோகிக்கிறேன்.

வெள்ளைப் பூ என்றதும் பிச்சி. தோவாளைப் பிச்சி மொட்டை அருகில் வைத்துப் பாருங்கள், வெள்ளை என்று நினைப்போம், மொட்டின் வெளிப்பக்கத்தில் வெற்றிலை போட்ட உதடு மாதிரி ஒரு ரோஸ் கோடு ஓடும். அந்தக் கோட்டை ஒரே இழுப்பில் போட்டுவிட்டு, அல்ட்ராமரைனும் பழுப்பும் கலந்த சாம்பல் நிறத்தை ஏகப்பட்ட தண்ணீரில் கரைத்து நிழல் பக்கம் மட்டும் ஒரு தொடு. போதும், மற்றதெல்லாம் தாள். இப்படி நூறு மொட்டு போட்டிருப்பேன், நாலு பரவாயில்லை.

இதற்கு நுனி நிற்கும் பிரஷ் வேண்டும். கிட்டில் வந்தவை 0, 2, 4 எண்கள். எல்லாம் ஊசி. புதிதாகப் படிப்பவர்கள் சின்ன பிரஷ் இருந்தால் நுணுக்கமாக வரும் என்று நினைப்பதால் அதையே போட்டுக் கொடுக்கிறார்கள். நடப்பது என்னவென்றால், சின்ன பிரஷ் தண்ணீர் பிடிக்காது, ஒரு இதழை முடிப்பதற்குள் நாலு தடவை தொட வேண்டும், நாலு தடவைக்கு நாலு கோடு விழும். 8 அல்லது 10 எண் உருண்டை பிரஷ் ஒன்று, நனைத்து உதறினால் நுனி கூராகச் சேர்வதாகப் பார்த்து வாங்கினால் இதழும் அதில்தான் காம்பும் அதில்தான். இப்போதைய செயற்கை முடி பிரஷ்களே நன்றாக வேலை செய்கின்றன. சில பழைய கடைகளில் ரகசியக் குரலில் கீரி முடி பிரஷ் இருக்கிறது என்பார்கள், வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், விற்பதும் குற்றம் வைத்திருப்பதும் குற்றம். அதைவிட, ஒரு பிச்சிப்பூவுக்காகக் கீரி எதற்குச் சாக வேண்டும்? பேனா பிரஷ்ஷை மட்டும் நான் பையில் வைத்திருக்கிறேன், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது உதவும்.

கையேட்டில் 20 பாடம். பியோனி, லாவெண்டர், செர்ரி, யூகலிப்டஸ் இலை வளையம். படங்கள் அழகு, அச்சு அழகு. பியோனியை நான் வாழ்க்கையில் நேரில் பார்த்ததில்லை. பார்க்காத பூவை இன்னொருவர் வரைந்ததைப் பார்த்து வரைந்தால் அது கோலப்புத்தகம் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரி, வரும், ஆனால் நமதாக இருக்காது. இதைப் படிக்கும்போதுதான் ரங்கையா, கோவிந்து இருவரும் நினைவுக்கு வந்தார்கள். மெட்ராஸ் மாகாணத்தில் மருத்துவராக வந்து தாவரங்களுக்குள் முழுகிப்போன ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட், 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இவர்களை வைத்துத் தென்னிந்தியச் செடி கொடிகளை நூற்றுக்கணக்கில் வரையவைத்தார். முதலில் ரங்கையா, அவருக்கடுத்து கோவிந்து. அந்த ஓவியங்கள் இன்று எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்திலும் லண்டன் கியூ தோட்டத்திலும் இருக்கின்றன, இணையத்தில் சில காணக்கிடைக்கும். இலையின் மேற்பக்கம் ஒரு பச்சை, மடங்கித் தெரியும் அடிப்பக்கம் வேறு பச்சை, அதற்குக்கூட மெனக்கெட்டிருப்பார்கள். எதிரில் செடியை வைத்துக்கொண்டு வரைந்தவர்கள். கையேட்டைத் தூரப்போட்டுவிட்டு நான் வேலிக்குப் போனதற்கு அவர்கள்தான் காரணம்.

இன்னொரு விபத்து. கார்த்திகையில் பத்து நாள் விடாமல் மழை, நான் டப்பாவை ஈரத்தோடு மூடிவைத்துவிட்டு மறந்துபோனேன். திறந்தால் 24 கட்டியில் ஒன்பதில் பூஞ்சை. வாட்டர்கலரின் பசை அரபிப் பிசின், நம் கருவேலம் பிசினுக்குச் சொந்தக்காரன், அதிகமும் சூடான் பக்கத்து வேலமரங்களிலிருந்து வருவது. பூஞ்சைக்கு அது பாயசம். இது டப்பாவின் தப்பில்லை, என் தப்பு. வரைந்து முடித்ததும் ஒரு ராத்திரி திறந்தே வைத்துக் காயவிட வேண்டும், தண்ணீரில் ஒரு சொட்டு கிராம்புத் தைலம் விட்டால் பூஞ்சை வராது என்கிறார்கள். மாறாமலையில் கிராம்பு விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு அதற்குக்கூட யோசிக்க வேண்டுமா, அன்றிலிருந்து விடுகிறேன், இதுவரை வரவில்லை. வீடு முழுக்க பல்வலி வாசனை, அது ஒன்றுதான் குறை.

இந்த 1,499 ரூபாயை என்ன செய்திருக்கலாம்? நான் திரும்ப வாங்குவதாக இருந்தால் முதல் பாதி பருத்தித் தாளுக்கு, அதற்கடுத்து ஒரே ஒரு 8 எண் பிரஷ், மிச்சக் காசில் நாலு நிறம். எலுமிச்சை மஞ்சள் பி.ஒய்.3, ரோஸ் பி.வி.19, அல்ட்ராமரைன் பி.பி.29, பழுப்புக்கு பர்ன்ட் சியன்னா. அந்த பி.வி.19 வின்சர் அண்ட் நியூட்டனில் பெர்மனென்ட் ரோஸ் என்ற பெயரில் கிடைக்கும், ரஷ்யாவின் வைட் நைட்ஸ் கட்டிகளைத் தனித்தனியாகவும் விற்கிறார்கள், உறையில் எண் இருக்கும். ரோஸும் மஞ்சளும் கலந்தால் செம்பருத்தி, ரோஸும் நீலமும் கலந்தால் சங்குப்பூ, மூன்றும் கலந்தால் இலை நிழல். நாலு நிறம் என்றதும் அம்மா "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்டாள். 24 என்று சொன்னபோது கேட்கவில்லை. கிட் தயாரிக்கிறவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. தாளில் மிச்சம் பிடித்து, டப்பாவில் கட்டியின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டார்கள்.

குழந்தைகளுக்குப் பரிசாகக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். பிங்க் வெளுத்தால் அவர்கள் அதற்குள் வேறொன்று வரைந்திருப்பார்கள். பெரியவர்கள், பூ வரைந்து பழக வேண்டும் என்று உட்காருகிறவர்கள் வாங்க வேண்டாம், இந்தத் தாளில் பழகினால் உங்களுக்கு வரைய வரவில்லை என்று நினைத்து ஒரு மாதத்தில் விட்டுவிடுவீர்கள். நான் விட இருந்தேன். ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன், அதில் ஒன்று தகர டப்பாவுக்கு.

திருப்பி அனுப்ப 10 நாள் கெடு, அது எப்போதோ முடிந்துவிட்டது. மூன்று கட்டியை வைத்துக்கொண்டு 21ஐக் கழற்றியாயிற்று, காலி இடத்தில் இப்போது என் ரோஸ் உட்கார்ந்திருக்கிறது, மற்றதெல்லாம் சம்பளத்துக்குச் சம்பளம் ஒவ்வொன்றாக வரும். கழற்றியதையெல்லாம் அண்ணன் மகள் பழைய சாந்து டப்பாவில் அள்ளிக்கொண்டு போனாள், பேடில் மிஞ்சின ஐந்து தாளையும் சேர்த்து. செவ்வரளி கார்டை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "அலமாரிக்குள்ளதான் அத்தை, துணிக்கு அடியில" என்றாள்.